நிலநடுக்கமும் சட்டமும்: வேலூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2021 கடைசியில் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் நிலம் அடுத்தடுத்து ஆடியது. அதிலிருந்து வீட்டு பிளான் போட வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளே மாறிவிட்டன. முன்பெல்லாம் வாஸ்து, வங்கிக் கடன், சதுரடிக்கு என்ன ரேட் என்பதோடு பேச்சு முடியும். இப்போது “பூகம்பத்துக்குன்னு சட்டம் ஏதாவது இருக்கா சார்?” என்பதும் சேர்ந்துகொண்டது. அப்படி வந்த கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தருகிறேன். வேலூர் என்று சொல்லும் இடங்களில் ராணிப்பேட்டையையும் திருப்பத்தூரையும் சேர்த்தே படியுங்கள். 2019 வரை மூன்றும் ஒரே மாவட்டம், அதற்கு முன்னால் வட ஆற்காடு. மாவட்டக் கோடு மாறியதால் அடியில் இருக்கும் பாறை மாறிவிடவில்லை.

நம்ம ஊரில் உண்மையிலேயே நிலநடுக்கம் வருமா?

வந்திருக்கிறது. 2021 நவம்பர் 29 அதிகாலை 4.17 மணிக்கு 3.6 அளவில் ஒன்று. டிசம்பர் 23 பிற்பகல் 3.14-க்கு 3.5 அளவில் இன்னொன்று. ஒரு நாள் விட்டு, கிறிஸ்துமஸ் அன்று காலை 9.30 மணிக்கு மறுபடியும் 3.5. இவை தேசிய நில அதிர்வு மையம் பதிவு செய்த அளவுகள். மூன்றின் மையமும் வேலூர் நகரத்துக்கு மேற்கே 50 முதல் 60 கிலோமீட்டருக்குள். குடியாத்தம், பேரணாம்பட்டு சுற்றுவட்டாரக் கிராமங்களில் சில வீடுகளின் சுவரில் விரிசல் விட்டது, ஜனங்கள் வீட்டை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள்.

3.5 என்பது சின்னது. 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் லாத்தூரைத் தாக்கியது 6.2. அளவில் ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடும். அந்தக் கணக்கில் லாத்தூர் நிலநடுக்கம் நம்ம ஊர் அதிர்வைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல்.

தமிழ்நாட்டிலேயே 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பக்கம் 6 அளவை ஒட்டிய ஒன்று வந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் 5.5. ஆகவே “நம்ம பக்கம் எல்லாம் வராது” என்ற பேச்சை விட்டுவிடலாம். நாளைக்கே வரும் என்று பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் காரணம் இல்லை.

வேலூர் எந்த நிலநடுக்க மண்டலத்தில் இருக்கிறது?

மூன்றாவது மண்டலத்தில். மண்டல எண் கூடக்கூட ஆபத்தும் கூடும். ஐ.எஸ். 1893 என்ற இந்தியத் தரக் குறியீட்டின் 2016 பதிப்பில் நகரங்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் வேலூருக்கு மண்டலம் மூன்று, மண்டலக் காரணி (கட்டடம் தாங்க வேண்டிய அதிர்வைக் கணக்கிட உதவும் எண்) 0.16. திருச்சியும் மதுரையும் இரண்டாவது மண்டலம், காரணி 0.10. சென்னையும் நம்மைப் போல மூன்றுதான். 2002-இல் குறியீட்டைத் திருத்தியபோது முதல் மண்டலத்தையே எடுத்துவிட்டார்கள். நாட்டில் ஆபத்தே இல்லாத இடம் என்று எதுவும் கிடையாது என்பதை அரசே ஒப்புக்கொண்ட மாதிரிதான். 1993-இல் நிலம் ஆடியபோது லாத்தூர் அந்த முதல் மண்டலத்தில்தான் இருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டா மூன்றா என்பது வெறும் எண் விவகாரம் இல்லை. கான்கிரீட் சட்டகத்தில் கம்பி கட்டும் முறையைச் சொல்லும் ஐ.எஸ். 13920-ஐ மூன்று, நான்கு, ஐந்து மண்டலங்களில் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்று 2016 பதிப்பு சொல்கிறது. திருச்சிக்காரருக்கு விட்டுக்கொடுக்கிற சங்கதிகள் நமக்குக் கிடையாது. குறியீடுகள் அவ்வப்போது திருத்தப்படும். பிளான் போடும் நேரத்தில் எந்தப் பதிப்பு நடப்பில் இருக்கிறது என்று உங்கள் இன்ஜினியரிடம் கேட்டுவிடுங்கள்.

‘நிலநடுக்கச் சட்டம்’ என்று தனியாக ஒன்று உண்டா?

இல்லை. பல சட்டங்களில் துண்டு துண்டாக இருக்கிறது. பேரிடருக்கு முன்னும் பின்னும் அரசு என்ன செய்ய வேண்டும் என்பது மத்திய அரசின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இல். வீடு எப்படிக் கட்ட வேண்டும் என்பது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இல். பள்ளி, விடுதி போன்றவை தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம், 1965-இல். அணைக்கு வேறொன்று. கல்குவாரிக்கு இன்னொன்று.

அரசியல் சட்டத்தில் மத்திய, மாநில, பொதுப் பட்டியல்கள் மூன்றிலும் ‘பேரிடர் மேலாண்மை’ என்று ஒரு வரி கிடையாது. பொதுப் பட்டியலில் உள்ள சமூகப் பாதுகாப்பு என்ற தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் நாடாளுமன்றம் 2005 சட்டத்தை இயற்றியது. நிலமும் உள்ளாட்சியும் மாநிலத்தின் கையில். அதனால் இடிந்த பிறகு மீட்பது டெல்லிச் சட்டம், இடியாமல் கட்ட வைப்பது சென்னை விதி என்று பிரிந்து கிடக்கிறது. என்னைக் கேட்டால் நம்ம வீட்டுக்கு முக்கியமானது இரண்டாவதுதான், ஆனால் பேப்பரில் அடிபடுவதெல்லாம் முதலாவது.

அமெரிக்காவில் மாநிலமே சட்டம் போடுகிறது என்று கலிபோர்னியாவில் இருக்கும் என் பிள்ளை சொல்கிறான். இங்கே ஏன் இல்லை?

அவர் சொல்வது சரி. கலிபோர்னியாவில் 1933 மார்ச் 10 மாலை லாங் பீச் நகரில் நிலம் ஆடியது. பள்ளிக்கூடங்கள் சரிந்து விழுந்தன. மணி ஆறை நெருங்கிக்கொண்டிருந்ததால் பிள்ளைகள் உள்ளே இல்லை. ஒரே மாதத்தில் ஃபீல்டு சட்டம் வந்தது. அதன்படி அரசுப் பள்ளிக் கட்டடத்தின் வடிவமைப்பை மாநில அரசே பார்த்து ஒப்புதல் தர வேண்டும், கட்டும்போதும் கூடவே கண்காணிக்க வேண்டும். 1971-இல் சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கம். அதற்கு அடுத்த ஆண்டு, செயலில் உள்ள நிலப்பிளவின் மேல் வீடு கட்டக் கூடாது, விற்கும்போது வாங்குபவரிடம் மறைக்கக் கூடாது என்று அல்க்விஸ்ட்-பிரியோலோ சட்டம். 1973-இல் மருத்துவமனைகளுக்குத் தனிச் சட்டம். 1986-இல், கம்பி இல்லாத பழைய செங்கல் கட்டடங்களைக் கணக்கெடுக்கச் சொல்லி நகராட்சிகளுக்கு உத்தரவு. 1990-இல் எங்கெங்கே மண் இளகும், சரியும் என்று வரைபடம் போடச் சொல்லி இன்னொன்று.

நம் நாட்டிலும் ஒரு மாநிலம் முந்திக்கொண்டது. 2001 ஜனவரி 26 புஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு குஜராத் 2003-இல் தனக்கென்று பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றியது. மத்திய அரசின் சட்டம் அதற்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான். தமிழ்நாடு அந்த மத்தியச் சட்டத்தின் கீழ் முதல்வர் தலைமையில் மாநில ஆணையம் அமைத்து நடத்துகிறது.

கலிபோர்னியாவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது சட்டங்களின் எண்ணிக்கை இல்லை. ஃபீல்டு சட்டத்தில் உள்ள அந்தக் ‘கட்டும்போது கண்காணிப்பு’. நம்மிடம் குறைவது அதுதான். அந்தக் கதை கீழே வருகிறது.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் நம்ம மாவட்டத்தில் என்ன செய்யச் சொல்கிறது?

25-ஆம் பிரிவின்படி மாவட்டத்துக்கு ஒரு ஆணையம். தலைவர் கலெக்டர். மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சிப் பிரதிநிதி இணைத் தலைவர். எஸ்.பி.யும் தலைமை மருத்துவ அதிகாரியும் உறுப்பினர்கள். 31-ஆம் பிரிவின்படி மாவட்டத்துக்கு எழுத்து வடிவில் பேரிடர் திட்டம் ஒன்று இருக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாதது 30-ஆம் பிரிவில் இருக்கிறது. மாவட்டத்தில் எந்த இடத்திலும் நடக்கும் கட்டுமானத்தை இந்த ஆணையம் பார்வையிடலாம், பாதுகாப்புத் தரம் பின்பற்றப்படவில்லை என்றால் சரிசெய்யச் சொல்லி உத்தரவிடலாம். 41-ஆம் பிரிவு இதே பொறுப்பை உள்ளாட்சி அமைப்புக்கும் தருகிறது. வெள்ளம் வந்தால் படகு அனுப்புவதற்கு மட்டும்தான் கலெக்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வெள்ளத்துக்கு முன்பே பயன்படுத்தச் சொல்லித்தான் இந்த அதிகாரத்தைச் சட்டம் அவர் கையில் தந்திருக்கிறது.

2025-இல் வந்த திருத்தம், மாநகராட்சி உள்ள பெரிய நகரங்களுக்குத் தனியாக நகர்ப்புறப் பேரிடர் ஆணையம் அமைக்க மாநில அரசுக்கு வழி செய்திருக்கிறது. வேலூரும் மாநகராட்சிதான்.

வீடு கட்ட அனுமதி வாங்கும்போது நிலநடுக்கப் பாதுகாப்பை யார் சரிபார்க்கிறார்கள்?

நேர்மையாகச் சொன்னால், சின்ன வீட்டுக்கு யாரும் இல்லை.

தரக் குறியீடுகள் வெறும் புத்தகமாக இருக்கும் வரை யாரையும் கட்டாது. 2019 விதிகள் கட்டட வடிவமைப்பை தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி செய்யச் சொல்வதால் அவற்றுக்குப் பிடிப்பு வந்தது. 18.30 மீட்டருக்கு மேல் போனால் உயரமான கட்டடம் என்று கணக்கு. அதற்குப் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர், மண் பரிசோதனை, பல கட்ட ஆய்வு என்று கெடுபிடி அதிகம். ஆனால் வேலூரில் அப்படிப்பட்ட கட்டடம் எத்தனை? நம்ம ஊர் என்றால் சத்துவாச்சாரி, காட்பாடி, குடியாத்தம் மனைப்பிரிவுகளில் தரைத்தளமும் மாடியுமாக எழும்பும் வீடுகள்தான்.

இவற்றுக்கு 2024 ஜூலை 22 முதல் சுயசான்று முறை வந்துவிட்டது. 2,500 சதுரடி வரையிலான மனையில், 3,500 சதுரடிக்குள், தரைத்தளமோ அதோடு ஒரு மாடியோ கட்டுகிறவர்கள் இணையதளத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி எடுத்துக்கொள்ளலாம். இடத்தைப் பார்க்க யாரும் வர மாட்டார்கள், பணி முடிப்புச் சான்றும் வேண்டாம். அலைச்சலும் கவரும் மிச்சம் என்று நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் ‘விதிப்படி கட்டுவேன்’ என்று நீங்கள் உறுதிமொழி கொடுக்கிறீர்கள் பாருங்கள், அந்த விதிக்குள் நிலநடுக்கக் குறியீடும் அடக்கம். பலர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படிக்காமலே டிக் அடிக்கிற இடம் அது. நாளைக்குப் பிரச்சினை என்று வந்தால் அந்த டிக் உங்களுடையது, மேஸ்திரியுடையது இல்லை.

சரி, அப்படியென்றால் மேஸ்திரியிடம் நான் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் பில்லர் இல்லாத, செங்கல் சுவரே பாரம் தாங்கும் வீடு. நம்ம பக்கம் கதவு, ஜன்னல் தலைக்கு மேல் மட்டும் துண்டு துண்டாக லிண்டல் போடுவார்கள். அதை வீடு முழுக்க, உள்சுவர் உட்பட, எங்கேயும் அறுபடாமல் ஓட்டச் சொல்லுங்கள். மேஸ்திரிகளிடம் ‘பெல்ட்’ என்றால் புரியும். ஐ.எஸ். 4326 சொல்வது இதைத்தான். நிலம் ஆடும்போது நான்கு சுவரும் நான்கு திசைக்குப் பிரிந்து விழாமல் ஒன்றாக ஆட வைப்பது இந்தப் பெல்ட். மூலைகளில் கம்பி துண்டாக நிற்கக் கூடாது, வளைந்து அடுத்த சுவருக்குள் போக வேண்டும். ஓட்டு வீடு என்றால் சுவர் உச்சியிலும், முக்கோணச் சுவரிலும் இன்னொரு பெல்ட். மூலைக்கு மூலை அஸ்திவாரத்திலிருந்து மேலே வரை ஒரு செங்குத்துக் கம்பி. வீட்டின் மொத்தச் செலவில் இது சின்னத் தொகை, டைல்ஸில் ஒரு ரகம் இறங்கினால் சரிக்கட்டிவிடலாம்.

ஜன்னலை மூலையோடு ஒட்டி வைக்காதீர்கள். வாஸ்து பார்த்து ஈசானி மூலையில் ஜன்னலை ஒட்டவைப்பது இப்போது ரொம்பவே கூடிவிட்டது. சுவரின் பலமே மூலையில்தான், அங்கே ஓட்டை போட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

அடுத்து பில்லர் வைத்த வீடு. இங்கே இரண்டு விஷயம். ஒன்று, பில்லரின் அளவு. ஒன்பது இஞ்ச் சுவருக்குள் மறைந்து நிற்கட்டும் என்று ஒன்பதுக்கு ஒன்பது போடுவது வழக்கம். அது 230 மில்லிமீட்டர். ஐ.எஸ். 13920-இன் 2016 பதிப்பு, பில்லரின் எந்தப் பக்கமும் 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. ஹாலில் பில்லர் துருத்திக்கொண்டு தெரியும், பீரோ வைக்க இடைஞ்சல் என்று வீட்டுக்காரம்மா சொல்வார்கள். இருக்கட்டும்.

இரண்டாவது, ரிங். பில்லர் கம்பியைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் வளையம். கம்பி கட்டுகிறவர் அதன் இரண்டு முனைகளையும் எல் மாதிரி நேராக மடித்து விட்டுவிடுவார். வேலை சீக்கிரம் முடியும், பார்க்கவும் சுத்தமாக இருக்கும். நிலம் ஆடும்போது மேல்பூச்சுக் கான்கிரீட் முதலில் உதிரும். உதிர்ந்ததும் அந்த மடிப்பு திறந்துகொள்ளும், உள்ளே இருக்கும் பெரிய கம்பி வெளியே பிதுங்கும். குறியீட்டின்படி முனை 135 டிகிரிக்கு மடிந்து பில்லரின் நடுவை நோக்கி உள்ளே போக வேண்டும். மடிப்புக்கு அப்புறம் உள்ளே நீளும் வால் 65 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பீம் சேரும் இடத்துக்கு மேலும் கீழும் ரிங்குகள் நெருக்கமாக இருக்க வேண்டும். நடைமுறையில் அந்த இடத்தில்தான் கை நுழையவில்லை என்று ரிங்கையே விட்டுவிடுகிறார்கள்.

கான்கிரீட் போட்டுவிட்டால் பிறகு எதுவும் தெரியாது. அதனால் செண்டரிங் (கான்கிரீட் ஊற்றப் பலகை) அடைப்பதற்கு முந்தின நாள் சைட்டுக்குப் போய் ஒவ்வொரு பில்லரையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்தாலே பாதி வேலை ஒழுங்காக நடக்கும்.

கீழே பார்க்கிங், மேலே வீடுகள் என்று இருக்கும் அபார்ட்மெண்ட் பாதுகாப்பா?

கவனமாகக் கட்டினால் பாதுகாப்பு. கவனிக்காமல் விட்டால் இருப்பதிலேயே மோசமான அமைப்பு அதுதான். மேல்தளங்களில் செங்கல் சுவர்கள் பில்லர்களைப் பிடித்து நிற்கின்றன. கீழ்த்தளத்தில் சுவரே இல்லை, வெறும் கால்கள். அதிர்வு முழுவதும் அந்தக் கால்களில் இறங்கும். புஜ் நிலநடுக்க மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் இப்படிப்பட்ட அடுக்கு வீடுகள் சரிந்தன. கீழ்த்தளத்தில் சில இடங்களில் கான்கிரீட் சுவர் எழுப்பியிருக்கிறார்களா என்று பில்டரைக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடத்தைக் கேளுங்கள்.

தாத்தா கட்டிய மண்சுவர் வீடு, ஓட்டு வீடு இருக்கிறது. இடிக்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். பலப்படுத்த வழி இருக்கிறது. ஐ.எஸ். 13935 அதற்கென்றே உள்ள குறியீடு. சுவரின் உள்ளும் வெளியும் கம்பிவலை அடித்து சிமெண்ட் பூசி ஒரு பெல்ட் மாதிரி ஓட்டலாம், தளர்ந்த உத்தரங்களைச் சுவரோடு பிணைக்கலாம். கருங்கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டிய இரட்டைச் சுவர் என்றால் கூடுதல் கவனம் தேவை. லாத்தூரில் அதிகப் பேரைக் கொன்றது அப்படிப்பட்ட கனத்த சுவர்கள்தான். மேலும் கனம் ஏற்றாதீர்கள். பழைய சுவரின் மேல் கான்கிரீட் சிலாப் போட்டு, அதன் மேல் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் வைப்பதை நம்ம பக்கம் நிறையவே பார்க்கலாம்.

நம்ம மாவட்டத்தில் இந்த வீடுகளுக்கு நிலநடுக்கத்தை விட மழை கிட்டத்து ஆபத்து. 2021 நவம்பர் 19 அதிகாலை பேரணாம்பட்டில் தொடர்மழையில் ஊறிய வீடு இடிந்து நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்துபோனார்கள். பத்தே நாள் கழித்துத்தான் முதல் நில அதிர்வு. ஈரம் காயாத சுவர் சின்ன ஆட்டத்தைக் கூடத் தாங்காது. கார்த்திகை மழை விட்டதும் அடிச்சுவரில் உப்புப் பூத்திருக்கிறதா, விரிசல் புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பிள்ளைகள் படிக்கும் பள்ளிக் கட்டடத்தைப் பற்றிக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா?

தாராளமாக. தனியார் பள்ளி நடத்த மேலே சொன்ன 1965 பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டத்தின்படி தாசில்தாரிடம் கட்டட உரிமம் வாங்க வேண்டும். கட்டட உறுதித்தன்மைச் சான்றும் வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் இரண்டையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள், அதில் பெற்றோர்கள்தான் பெரும்பான்மை.

இது சம்பிரதாயக் கேள்வி இல்லை. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். நிலம் ஆடவே இல்லை. அதன் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். பெரிய வகுப்பறைக் கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாமல் சுற்றுச்சுவர், கழிப்பறை, சைக்கிள் ஷெட்டையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜுகள்?

அவையும் அதே 1965 சட்டத்தில் வரும் பொதுக் கட்டடங்கள்தான். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள சந்துகளில் வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கிலிருந்து வரும் நோயாளிகள் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். எழுந்து ஓட முடியாதவர்கள் பாதிப் பேர். மாடிப்படியில் மெத்தையும் பழைய கட்டிலும் அடைத்து வைத்திருக்கும் லாட்ஜைப் பார்த்தால் வேறு இடம் பாருங்கள். இடிபாட்டுக்கும் தீக்கும் வெளியேற இருப்பது ஒரே வழி.

வீடு அதிர்ந்தது. குவாரி வெடியா, நிலநடுக்கமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நேரத்தைப் பாருங்கள். குவாரியில் வெடி வைப்பது பகலில். அதிகாலை 4.17-க்கு வந்ததைக் குவாரித் தலையில் கட்ட முடியாது. வெடி என்றால் முதலில் சத்தம், பிறகு ஒரே உதறல், அக்கம்பக்கத்தில் மட்டும் தெரியும். நிலநடுக்கம் பத்திருபது கிலோமீட்டர் சுற்றளவில் ஒரே நேரத்தில் தெரியும். 2021 நவம்பர் அதிர்வின் ஆழம் 25 கிலோமீட்டர் என்று பதிவாகியிருக்கிறது, எந்தக் குவாரியும் அவ்வளவு ஆழம் போகாது. சந்தேகம் இருந்தால் தேசிய நில அதிர்வு மையத்தின் இணையதளத்தைப் பாருங்கள்.

வெடிதான் என்றால் அது வேறு வழக்கு. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959-இன்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை தரக் கூடாது. தேதி, மணியோடு எழுதி கலெக்டர் அலுவலகத்தின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். கனிமவளத் துறைக்கும் ஒரு நகல் போகட்டும்.

வீடு சேதமானால் அரசு எவ்வளவு தரும்?

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் நிலநடுக்கமும் உண்டு. அந்த நிதியில் முக்கால் பங்கு மத்திய அரசு, கால் பங்கு மாநில அரசு. 2022 முதல் 2026 வரைக்கான விதிமுறைப்படி உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய். சமவெளியில் முழுவதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000, மலைப்பகுதியில் 1,30,000. பாதி சேதமான கெட்டி வீட்டுக்கு 6,500, அதுவும் குறைந்தது 15 சதவீதம் சேதமாகியிருந்தால். குடிசைக்கு 8,000. மாட்டுக்கொட்டகைக்கு 3,000.

இந்தப் பணத்தில் வீடு கட்ட முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் விடாமல் வாங்குங்கள். முதலில் வி.ஏ.ஓ. வந்து பார்க்க வேண்டும், பிறகு ஆர்.ஐ., தாசில்தார். அவர்கள் வரும் முன் விரிசலைப் பூசி மறைத்துவிடாதீர்கள். விரிசல் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். இல்லாத சேதத்தைக் காட்டி நிவாரணம் வாங்கினால் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை.

இன்சூரன்ஸ் இதற்குக் கிடைக்குமா?

கிடைக்கும். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற வீட்டுப் பாலிசி தருகின்றன. அதன் அடிப்படைக் காப்பிலேயே நிலநடுக்கம் உண்டு, தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. வீட்டுக் கடன் எடுத்தபோது வங்கி ஏதாவது பாலிசி போட்டிருந்தால் அது வீட்டுக்கா, உங்கள் உயிருக்கா என்று எடுத்துப் பாருங்கள்.

குடியாத்தம் பக்கத்து மோர்தானா அணைக்கு ஆபத்து உண்டா?

பெரிய அணைகளை அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021 பார்த்துக்கொள்கிறது. மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்வதோடு, ஒவ்வொரு வெள்ளத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் பிறகு அணையைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அதில் உள்ள கட்டளை. 2021 டிசம்பரில் நம்ம பக்கம் நிலம் ஆடிக்கொண்டிருந்த அதே மாதம்தான் அந்தச் சட்டம் கையெழுத்தானது.

ஆடும்போது உடனே என்ன செய்ய வேண்டும்?

கான்கிரீட் வீட்டுக்குள் இருந்தால் ஓடாதீர்கள். உறுதியான மேசைக்குக் கீழே போய் அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை இல்லையென்றால் ஜன்னல், பீரோ, ஷோகேஸ் இல்லாத உள்சுவர் ஓரம் குனிந்து தலையை மூடிக்கொள்ளுங்கள். லிஃப்ட்டும் படிக்கட்டும் வேண்டாம். தரைத்தளத்தில், மண்சுவர் அல்லது ஓட்டு வீட்டில், வாசல் பக்கத்திலேயே இருந்தால் வெளியே வந்துவிடுவது நல்லது. வந்தவர் சுவர் ஓரமாக நிற்காமல் திறந்த இடத்துக்குப் போக வேண்டும், ஓடு சரிவது அங்கேதான். ஆட்டம் நின்றதும் சிலிண்டரையும் மெயின் சுவிட்சையும் அணையுங்கள்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. ஆம்புலன்ஸ் 108, எதற்கும் பொதுவாக 112.

“இன்று இரவு பத்து மணிக்குப் பெரிய பூகம்பம்” என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

நாளும் நேரமும் குறித்துச் சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. அதனால் அப்படி வருவது எல்லாம் பொய். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி பீதி உண்டாக்கும் பொய் எச்சரிக்கையைப் பரப்பினால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். அனுப்பியது சித்தப்பா என்றாலும் ஃபார்வர்ட் பண்ணாதீர்கள்.